திருப்புளி எடுக்காத மேஸ்திரி

நாமக்கல்லில் சேலம் சாலையை ஒட்டி இருக்கிறது அந்தப் பட்டறை. முன்பக்கம் மூன்று லாரி நிற்கும் அளவுக்குத் தகரக் கொட்டகை. பின்னால், எப்போதும் கதவு சாத்தியே இருக்கும் ஓர் அறை. அதைப் ‘பம்ப் ரூம்’ என்கிறார்கள். கொட்டகைத் தரை ஆயிலும் மண்ணும் ஊறிக் கறுத்துக் கிடக்கிறது. பம்ப் ரூம் தரையோ வீட்டுக் கூடம்போலத் துடைத்து வைத்திருக்கிறது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். மின்விசிறி கிடையாது. தூசியைக் கிளப்பும் என்று வைக்கவில்லையாம்.

டீசல் பம்ப் வேலையிலேயே தலை நரைத்துப்போன ஒருவர்தான் அங்கே எல்லாம். பட்டறையில் அவரை மேஸ்திரி என்றே கூப்பிடுகிறார்கள். நான் போயிருந்த அன்று காலை, ஆறு சிலிண்டர் பழைய லாரி ஒன்று கரும்புகை கக்கியபடி உள்ளே வந்தது. ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கலாம். இரண்டு குறை சொன்னார். லோடு ஏற்றினால் தொப்பூர் மேட்டில் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. இன்ஜின் சூடானதும் ஆயில் பிரஷர் முள் படுத்துவிடுகிறது. இரண்டுக்கும் மருந்தும் அவரே சொன்னார்.

“பம்புல டீசலக் கொஞ்சம் ஏத்தி வுட்ருங்க மேஸ்திரி. ஆயில் பம்பு ஸ்பிரிங்குக்குப் பின்னால ஒரு வாஷர் போட்டா முள்ளு நிக்குமுங்க.”

மேஸ்திரி திருப்புளியைத் தொடவில்லை. இன்ஜினை அணைக்கச் சொல்லிச் சற்று நேரம் பொறுத்து டிப்ஸ்டிக்கை உருவினார். நுனியில் இருந்த ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“ஆயில் குறையுதா தம்பி?”

“குறையவே இல்லீங்க. ரெண்டு மாசமா ஊத்தவே இல்ல. மேல் கோட்டுக்கும் மேலதான் நிக்குது.” பெருமையாகத்தான் சொன்னார்.

“டேய், ஆறு நாசிலையும் கழட்டுங்கடா” என்றார் மேஸ்திரி.

ஓடுகிற இன்ஜினில் ஆயில் கொஞ்சமாவது குறைய வேண்டும். கூடுகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ சேர்கிறது. தண்ணீர் கலந்தால் ஆயில் பால்போல வெளுக்கும். டீசல் கலந்தால் நிறம் காட்டிக்கொடுக்காது, வாசனைதான் காட்டிக்கொடுக்கும். விரலில் பிசுக்கு இல்லாமல் ஓடியிருக்கிறது அந்த ஆயில்.

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைப் பம்ப் ரூமுக்குக் கொண்டுவந்து டெஸ்டரில் ஒவ்வொன்றாக மாட்டினார்கள். கையால் அழுத்தும் நீண்ட இரும்பு நெம்புகோல், ஒரு கடிகார மீட்டர், கீழே கண்ணாடிக் குடுவை. அவ்வளவுதான் அந்தக் கருவி. இந்த ரக லாரியில் சுமார் 200 பார் அழுத்தம் ஏறிய பிறகே நாசில் திறக்க வேண்டும். லாரி டயரில் அடிக்கும் காற்றைப்போல இருபத்தைந்து மடங்கு அது. முதல் நாசிலில் மேஸ்திரி நெம்புகோலை இறக்கினார். முள் ஏறிப்போய், “கிர்ர்ர்” என்று ஒரு நடுங்கும் சத்தம். குடுவைக்குள் சாம்பிராணிப் புகைபோல டீசல் விரிந்தது. நாசில் மூக்கு காய்ந்தே இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான்.

நான்காவதில் முள் 140-க்கு மேல் ஏறவில்லை. சத்தமே வரவில்லை. புகை விரிய வேண்டிய இடத்தில் நூல் பிடித்தாற்போல ஒரு தாரை. நெம்புகோலை விட்ட பிறகும் மூக்கில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா, ஒழுகுது” என்றவர், குனிந்து பார்க்கப்போன என் கையைச் சட்டென்று தட்டிவிட்டார். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும்தான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். பையன்களுக்கு அவர் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் இதுதான்.

அந்த ஒரு சொட்டில் இரண்டு குறைக்கும் விடை இருந்தது. பூந்துளியாக விரியாத டீசல் முழுசாக எரியாது. எரியாதது கரும்புகையாகிறது, இழுவை போகிறது. மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயில் தொட்டியில் கலக்கிறது. ஆயில் இளகுகிறது. இளகிய ஆயில் பேரிங் இடுக்குகளில் நிற்காமல் வழிந்துவிடுவதால் பிரஷர் விழுகிறது. ஓட்டுநர் சொன்னபடி டீசலை இன்னும் ஏற்றி விட்டிருந்தால், ஒழுகுகிற இடத்தில் இன்னும் அதிகம் ஒழுகியிருக்கும்.

வாஷர் விஷயத்தையும் கேட்டேன். ஆயில் பம்பில் இருக்கும் ரிலீஃப் வால்வு, பிரஷர் அளவு மீறும்போது திறந்து மிச்ச ஆயிலைத் திருப்பி அனுப்புவதற்கானது. ஸ்பிரிங்கை இறுக்கினால் அது தாமதமாகத் திறக்கும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முள் எகிறும், ஃபில்டரும் சீலும் அடிபடும். சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போதோ அந்த வால்வு மூடியேதான் கிடக்கிறது. மூடிக்கிடக்கும் கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டு என்ன பயன்? பல பட்டறைகளில் இந்த வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். எனக்கு அது ஏமாற்று வேலையாகவே படுகிறது.

பம்பையும் இறக்கினார்கள். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ல் வரிசை உற்பத்தியைத் தொடங்கிய இன்லைன் பம்பின் வம்சம் இது. இந்தியாவில் 1951-ல் தொடங்கிய மைக்கோ, 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. பட்டறை வாயில் இன்றும் அது மைக்கோ பம்புதான். உள்ளே ஆறு ‘எலிமெண்ட்’. ஒவ்வொன்றிலும் பிளஞ்சர் என்ற தண்டுக்கும் அது ஏறி இறங்கும் பேரலுக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அதனால்தான் மின்விசிறி இல்லை, அதனால்தான் செருப்பு வெளியே. ஒரு பிளஞ்சரைக் கழுவி, பேரலில் செருகி, சாய்த்துப் பிடித்துப் பாதி வெளியே இழுத்துவிட்டார் மேஸ்திரி. தன் எடையிலேயே, தேனில் இறங்கும் கரண்டிபோல, நிற்காமல் மெல்ல இறங்கியது. “இது நல்லாருக்குது” என்று வைத்தவர் அதன் ஜோடியை மாற்றிவிடக்கூடாது என்று பையனிடம் இரண்டு முறை சொன்னார். ஒன்றோடொன்று தேய்த்து இணைசேர்த்தவை அவை. ஒன்றின் பிளஞ்சர் இன்னொன்றின் பேரலுக்கு ஆகாது.

பம்பைச் சோதிக்கும் பெஞ்சில் ஏற்றி ஓடவிட்டதும் ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசல் நிறம்கொண்ட எண்ணெய் விழுந்தது. ஆறிலும் ஒரே மட்டம் வர வேண்டும். இரண்டாம் குழாய் சற்று உயர்ந்து நின்றது. சின்ன ஸ்குருவைத் தளர்த்தி, மயிரிழை திருப்பி, இறுக்கி, மறுபடி ஓடவிட்டு, மறுபடி பார்த்து… இப்படியே ஒன்றரை மணி நேரம். அதிகபட்ச டீசல் அளவைக் கம்பெனி அட்டவணைப்படி வைத்து ஈயச் சீல் அடித்தார். அந்தச் சீலை உடைத்து ஏற்றிவிட்டால் கொஞ்ச நாள் வண்டி பறக்கும். பிறகு பிஸ்டன் தலை உருகும்.

புதிய வண்டிகளில் இந்த வேலைக்கு இடமில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு எல்லாம் காமன் ரெயில், கம்ப்யூட்டர். அழுத்தம் 1,600 பாருக்கும் மேல். மேஸ்திரியிடம் இப்போது வருபவை பழைய லாரிகளும், திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகளும், டிராக்டர்களும்தான். அவர் விரல்நுனிகள் டீசலில் ஊறி ஊறி வெடித்திருக்கின்றன. முன்கொட்டகையில் பையன்கள் நாளெல்லாம் புகைக்குள் நிற்கிறார்கள். டீசல் புகை புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதிசெய்துவிட்டது. சைலன்சரில் மாட்டிப் புகையை வெளியே விட ஒரு நீளக் குழாய், கைக்கு ஓர் உறை. பட்டறை முதலாளிகளுக்கு இது பெரிய செலவே இல்லை.

மாலையில் புது ஆயில் ஊற்றி, நாசில் மாற்றி, அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டார்கள். ஐட்லிங்கில் முள் 1 பாருக்கு மேலேயே நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் 4-ஐத் தொட்டது. ஓட்டுநர் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. இளகிய ஆயிலில் இரண்டு மாதம் ஓடியிருக்கிறது, ஒரு நடை போய்வந்ததும் பேரிங்கைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

லாரி வைத்திருப்பவர்களே, ஓட்டுபவர்களே, ஆயில் குறையாத வண்டி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறினால் அன்றைக்கே நாசிலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர்வரை போகலாம் என்று நினைக்காமல், அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.