ஏற்கெனவே உள்ளதைச் சேமித்தல்

புதிதாக ஒன்றை எழுதிச் சேர்ப்பதைவிட, முன்பே எழுதப்பட்டதைத் திருத்திச் சேர்ப்பது கடினம். பதிப்புத் துறையில் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணினியிலும் இதுவே நிலை என்பதை, நமது துறை மாணவர்கள் திரட்டிய வட்டாரச் சொற்களுக்கு ஒரு தரவுத்தளம் அமைந்தபோது அறிந்துகொண்டோம். அதன் நிரலை ஜாவாவில் எழுதித் தந்தவர் பழைய மாணவர் ஒருவர். அவரிடம் கேட்டுத் தெளிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

ஜாவா நிரலில் ஒவ்வொரு சொற்பதிவும் நினைவகத்தில் இருக்கும் ஒரு பொருள், ஆப்ஜெக்ட் என்பார்கள். தரவுத்தளத்தில் அதுவே அட்டவணையின் ஒரு வரி. இவ்விரண்டுக்கும் இடையே தூது செல்வது ஹைபர்னேட். கவின் கிங் 2001இல் தொடங்கிய இக்கட்டமைப்பின் கருத்துகள் பல, 2006இல் வந்த ஜேபிஏ என்னும் பொது வரையறையில் இடம்பெற்றன.

புதிய பொருளைச் சேர்க்க 'பெர்சிஸ்ட்' என்ற ஒரு கட்டளை போதும். ஏற்கெனவே உள்ள பொருளுக்கோ இரண்டு நிலைகள் உண்டு. செஷன் எனப்படும் அமர்வு திறந்திருக்கையில் தரவுத்தளத்திலிருந்து எடுத்த பொருள், ஹைபர்னேட்டின் பார்வைக்குள் இருக்கிறது. அதில் நாம் செய்யும் மாற்றத்தைச் சேமிக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. எடுத்தபோது இருந்த நிலையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தானே எழுதிவிடும்.

அமர்வு மூடியபின் அதே பொருள் 'டிடாச்டு', அதாவது பிரிந்த பொருள் ஆகிவிடுகிறது. ஆசிரியர் ஒருவர் பதிவைத் திரையில் திறந்து, அரைமணி நேரம் யோசித்துத் திருத்துகிறார் அல்லவா, அந்த அரைமணியில் அவர் கையில் இருப்பது பிரிந்துபோன படியே. அதைப் 'பெர்சிஸ்ட்' செய்ய முயன்றால் ஹைபர்னேட் மறுத்துவிடும். 'மெர்ஜ்' என்றே கேட்க வேண்டும். அது பொருளின் அடையாள எண்ணைக் கொண்டு தரவுத்தளத்தில் உள்ளதைத் தேடி எடுத்து, நம் படியிலுள்ள மதிப்புகளை அதன்மேல் எழுதி, அந்த இன்னொரு பொருளைத் திருப்பித் தருகிறது. நாம் கொடுத்த படி வெளியிலேயே நின்றுவிடும். பிறகு அதில் என்ன திருத்தினாலும் தரவுத்தளத்துக்குப் போகாது. பழைய நூல்களில் காணும் 'சேவ் ஆர் அப்டேட்' என்ற கட்டளை, ஹைபர்னேட்டின் 7ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது.

'மெர்ஜ்' எல்லா மதிப்புகளையும் எழுதும் என்பதில்தான் ஆபத்து. 'கமலை' என்ற சொல்லின் பதிவை இரண்டு ஆசிரியர்கள் ஒரே வேளையில் திறந்திருந்தார்கள். ஒருவர், மாடு கட்டிக் கமலை இறைத்த முதியவர் சொன்ன வாக்கியமொன்றை எடுத்துக்காட்டாகச் சேர்த்துச் சேமித்தார். மற்றவர், கொங்குப் பகுதியில் அது 'கவலை' என வழங்குவதைச் சேர்த்துச் சற்றுப் பின்னர் சேமித்தார். அவர் படியில் எடுத்துக்காட்டு இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலியும் ஒரு மதிப்பாகவே எழுதப்பட்டது. பிழைச்செய்தி ஏதும் வரவில்லை. சில மாதங்கள் கழித்துத் தெரியவந்தபோது முதியவர் காலமாகியிருந்தார். மாணவியின் குறிப்பேட்டில் சொல் இருந்தது, வாக்கியம் இல்லை.

இதற்கு மருந்து ஹைபர்னேட்டிலேயே இருக்கிறது. 'வெர்ஷன்' என்று குறித்த ஓர் எண்ணைப் பதிவோடு வைத்தால், திருத்தம் ஒவ்வொன்றுக்கும் அது உயரும். திரைக்குப் போகும் படியும் அந்த எண்ணைச் சுமந்து சென்று திரும்ப வேண்டும். படியின் எண்ணும் தரவுத்தளத்தின் எண்ணும் பொருந்தாவிட்டால், இடையில் வேறொருவர் கை பட்டிருக்கிறது என்று பொருள். ஹைபர்னேட் எழுத மறுத்துவிடும். நமது தரவுத்தளத்தில் இப்போது அந்த எண் இருக்கிறது.

ஆனால், எதைக் கொள்வது என்று அந்த எண் சொல்லாது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தை முடிவுசெய்தார். கடைசியாகக் கைக்கு வந்த ஏடே மூலம் என்று எந்தப் பதிப்பாசிரியரும் கொள்வதில்லை. ஹைபர்னேட் மறுக்கும்போதெல்லாம் இப்போது இரண்டு படிகளையும் அருகருகே வைத்து, திருத்திய இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே வேண்டியவையாக இருக்கின்றன.