அண்டைக்கு வந்த தண்ணி



கடந்த டிசம்பர் 26 காலை பாடசாலை மண்டபத்தில் நாம் காட்டிய ஒன்றரை நிமிடப் படத்தைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். "அந்தத் தண்ணியை எப்படிச் செய்தீங்க? கம்பியூட்டரா?" என்பதுதான் கூடுதலானோரின் கேள்வி. தலைக்குப் பூசும் ஜெல், கறுப்பு ஷொப்பிங் பேக், கோப்பித்தூள், அவ்வளவுதான். ஆனால் அது பாதிப் பதில். மீதியையும் எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரம் 8, 9 பிள்ளைகள் பதினொரு பேர், ஆசிரியர்கள் இரண்டு பேர். தேசிய பாதுகாப்பு தினத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அதிபர் சொன்னார். பேச்சும் கவிதையும் ஒவ்வொரு வருடமும் இருக்கிறது. ஒரு பிள்ளையின் மாமா கத்தாரிலிருந்து அனுப்பிய லெகோ பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதை வைத்துச் சுனாமியைப் படமாக எடுப்போம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். பொம்மையை வைத்து ஒரு போட்டோ, கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ. இப்படி 12 போட்டோ எடுத்து ஓடவிட்டால் ஒரு செக்கன். ஒன்றரை நிமிடத்துக்கு 1,080 போட்டோ. பழைய போன் ஒன்று, அதைப் பிடித்துக்கொள்ள லெகோவிலேயே கட்டிய ஒரு தாங்கி, ஒரு மேசை விளக்கு. வெயில் ஏறி இறங்கினால் படம் மினுங்கும் என்பதால் யன்னலுக்குக் கறுப்புத் துணி.

வீடும், பள்ளிவாசலும், தென்னை மரமும் இரண்டு நாளில் எழும்பிவிட்டன. தண்ணீர்தான் எங்களைப் படுத்திய பாடு!

முதலில் உண்மைத் தண்ணீரையே தட்டில் ஊற்றிப் பார்த்தோம். உண்மைத் தண்ணீரை விட உண்மையாக வேறென்ன இருக்கிறது என்று நினைத்தோம். படத்தில் குளியலறை வாளி மாதிரித் தெரிந்தது. காரணத்தை விஞ்ஞான பாட சேர்தான் விளக்கினார். லெகோ மனிதனின் உயரம் 4 சென்ரிமீற்றர். பொம்மையைச் சிறிதாக்கலாம், தண்ணீரின் பரப்பிழுவிசையைச் சிறிதாக்க முடியாது. நமக்குச் சின்னதாய்த் தெரியும் ஒரு துளி அவனுக்குத் தலையளவு. அதோடு ஒரு போட்டோவுக்கும் அடுத்ததுக்கும் இடையில் தண்ணீர் நமக்காகக் காத்திருக்காது. நகர்த்தி வைத்த இடத்தில் நிற்கும் ஒன்றுதான் இந்த வேலைக்குச் சரிவரும்.

பிறகு நீல நிறத்தில் ஊடுதெரியும் சின்ன வட்டத் துண்டுகளைப் பரப்பி, ஒவ்வொரு போட்டோவுக்கும் அவற்றை இடம்மாற்றினோம். அழகாகத்தான் இருந்தது. 2014இல் வந்த லெகோ படத்தில் கடல் முழுவதையும் கம்பியூட்டரில் லெகோ துண்டுகளாகவே செய்திருப்பார்கள். எங்களிடம் இருந்ததோ 36 துண்டு. கிணறு ஒன்று கட்டலாம், கடல் கட்ட முடியாது.

கடைசியில் சலூன் நடத்தும் ஒரு பெற்றார் கொடுத்த ஜெல்தான் கைகொடுத்தது. நீலத் தாளின் மேல் கண்ணாடி, கண்ணாடியின் மேல் ஜெல். முள்ளுக்கரண்டியால் வரிந்தால் அலை அப்படியே நிற்கும். அடுத்த போட்டோவுக்கு ஒரு நூலளவு தள்ளினால் போதும். விளக்கை மேலிருந்து பிடித்தால் ஜெல் வெறும் ஜெல்லாகத் தெரியும். பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் அலையின் முதுகில் வெளிச்சம் விழுந்து ஈரமாகிவிடும். நுரைக்குப் பஞ்சை இழுத்து வைத்தோம். தெறிக்கும் தண்ணீருக்குக் குளூ கன்னால் கண்ணாடியில் கோடுகள் இழுத்து, ஆறியதும் உரித்தெடுத்தோம். மின்விசிறி மட்டும் போடக்கூடாது, ஜெல் காய்ந்து தோல் கட்டும். வியர்த்து விறுவிறுத்து, உயர்ந்து சுருண்டு விழும் ஒரு நீல அலையைப் பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள். கைதட்டினோம்.

அதைப் போனில் போட்டுக்கொண்டு போன ஒரு மாணவி, வீட்டில் தன் உம்மம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். அடுத்த நாள் முகம் வாடி வந்தாள்.

"சேர், உம்மம்மா சொன்னா, இது கடலாம். அண்டைக்கு வந்தது கடல் இல்லையாம்."

அந்த வாரமே அஸருக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் அந்த வீட்டுக்குப் போனோம். அவர் சொன்னதை அவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். பெயர் போட வேண்டாம் என்றார்.

"நீலத் தண்ணி இல்ல புள்ள. கறுத்தத் தண்ணி. இப்பிடிச் சுருண்டு வரல்ல. சோத்துப் பானை பொங்குறாப்போல மட்டமா எழும்பி வந்திச்சி. அதுக்குள்ள தண்ணிய விடச் சாமான்தான் கூட. வேலி, வலை, கதவு, தகரம். ஆளுக்கு அடிச்சது அதுகள்தான்."

பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். பிறகு எங்கள் கதையில் இல்லாத ஒன்றைச் சொன்னார். முதல் வந்த தண்ணீர் முழங்கால் அளவுதானாம். வந்தது, திரும்பிப் போனது. கடல் வெகுதூரம் உள்வாங்கியதைப் பார்க்கச் சனம் கரைக்குப் போனது. அவரது இளைய மகன், அப்போது 14 வயது, விட்டுவிட்டு வந்த சைக்கிளை எடுக்க வீட்டுக்கு ஓடினார். இரண்டாவது தண்ணீர் அதன் பிறகுதான் வந்தது.

அந்த மாணவிக்கு மாமா ஒருவர் சுனாமியில் மௌத்தானது தெரியும். சைக்கிள் தெரியாது. இருபது வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நம்மில் எத்தனை வீடுகள் இப்படி இருக்கின்றன? ஆசிரியர்களான நாங்களே, பாடசாலை மீண்டும் திறந்த அந்த நாளில் இடாப்பில் வாசித்து நிறுத்திய பெயர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒருநாளும் பேசியதில்லை.

வெளிக்கிடும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "மனுசரத் தண்ணிக்குள்ள போட்டுக் காட்டாதீங்க."

நீல அலையைப் பிள்ளைகளே அழித்தார்கள். கண்ணாடியின் கீழ் கறுப்பு ஷொப்பிங் பேக்கைக் கசக்கி விரித்தோம். ஜெல்லில் கோப்பித்தூளும் கொஞ்சம் கறுப்பு நீர்வர்ணமும் கலந்தோம். வெங்காயப் பையைக் கிழித்து மீன்வலை, காய்ந்த கிடுகைத் துண்டாக்கி வேலி, லெகோ கதவுகள், பால்மா டின் மூடியை வெட்டித் தகரம். தண்ணீர் மட்டம் உயர்வதைக் காட்ட, தண்ணீரை உயர்த்தவில்லை. வீட்டுச் சுவரின் அடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கழற்றினோம். ஒரு லெகோ கட்டியின் உயரம் 9.6 மில்லிமீற்றர். ஒரு வரிசை கழற்றினால் தண்ணீர் அவ்வளவு ஏறியது போலத் தெரியும். சுவரில் ஈரத்துக்குக் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்தோம், விளக்குச் சூட்டிலும் அது இலேசில் காயாது.

முதல் தண்ணீர் திரும்பிப் போவதற்கு ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தோம். வந்த போட்டோக்களையே பின்னிலிருந்து முன்னுக்கு ஓடவிட்டால் தண்ணீர் திரும்பிப் போகும்தானே. போட்டுப் பார்த்தோம். தண்ணீர் போகப் போக, வேலி எழும்பித் தன் இடத்தில் நின்றது. கதவு வந்து வீட்டில் பொருந்தியது. ஒரு பையன் மெதுவாகச் சொன்னான், "சேர், தண்ணி எல்லாத்தையும் திருப்பித் தந்திட்டுப் போகுது."

வகுப்பறை அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் போனைத் தொடவில்லை. அந்தக் காட்சியை அழித்துவிட்டு, தண்ணீர் போகும் பகுதியை வேறாக எடுத்தோம். ஒவ்வொரு போட்டோவிலும் ஏதாவது ஒன்று கடல் பக்கம் நகர வேண்டும், எதுவும் திரும்பி வரக்கூடாது. இரண்டு நாள் போனது. படத்தில் நீங்கள் அதிகம் பேசிய காட்சி அதுதான்.

மனிதர்களைத் தண்ணீருக்குள் வைக்கவில்லை. முதல் தண்ணீர் போனதும் மனிதர்கள் எல்லோரும் பள்ளிவாசலின் மேல்மாடிக்கு ஏறுகிறார்கள். கீழே சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருக்கிறது. யாரும் அதை எடுக்க இறங்கவில்லை. பிறகு இரண்டாவது தண்ணீர். சைக்கிள் மட்டும் போகிறது. நடந்தது அப்படியல்ல என்று எங்களுக்குத் தெரியும். இனி நடக்க வேண்டியது அப்படி என்பதால் எடுத்தோம்.

டிசம்பர் 26 காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். அது முடிந்ததும் படத்தைப் போட்டோம். அன்று மாலை அந்தத் தாய்க்கு வீட்டில் போனில் காட்டினோம். தண்ணீர் வரும் வரை பார்த்தார். "ஓம், இதுதான்" என்றார். சைக்கிள் வந்ததும் போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார். "மிச்சத்த நீங்க பாருங்க."

உறவுகளே, கல்முனைக் கரையோரத்தில் இன்று படிக்கும் நம் பிள்ளைகள் யாரும் அன்று பிறந்திருக்கவில்லை. அவர்களுக்குச் சுனாமி என்றால் யூடியூப்பில் வரும் பெரிய நீல அலைதான். நிலம் நடுங்கினாலோ கடல் உள்வாங்கினாலோ ஓட வேண்டும், முதல் தண்ணீர் போனதும் சாமான் எடுக்கத் திரும்பக்கூடாது என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால்தான் அவர்களுக்கு விளங்கும். கேட்பது கஷ்டம், சொல்வது அதைவிடக் கஷ்டம். ஆனாலும் ஒருநாள் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

இன்ஷா அல்லாஹ் அடுத்து வாய்க்கால் வெள்ளத்தைப் படமாக எடுக்கப் பிள்ளைகள் திட்டமிடுகிறார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் லெகோ துண்டுகள் இருந்தால் பாடசாலைக்குத் தந்துதவுங்கள். ஜெல் போதிய அளவு இருக்கிறது.