கட்டாத விமான நிலையம்

கனடாவுக்கு வந்து இரண்டாவது வருசம். ஒரு ஏஜென்சிக்காரன் விடியக்காலை ஐந்து மணிக்கு ஸ்காபரோவில் எங்களை வானில் ஏற்றி, பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு பண்ணையில் கொண்டுபோய் இறக்குவான். சம்பளம் கையில் தருவான், அதுவும் சொன்னதைவிடக் குறைவாக. அந்தக் கதை இன்னொரு நாளைக்கு. இன்றைக்குச் சொல்ல வந்தது போகிற வழியில் பார்த்த வீடுகளைப் பற்றி.

ஹைவே 7ஐத் தாண்டினால் ஒரு பக்கம் சோளக் காடு. இடைக்கிடை ஒரு பழைய கல்வீடு. யன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கும். முற்றத்தில் புல் இடுப்பளவுக்கு நிற்கும். கூரை உள்ளே விழுந்த மாட்டுக் கொட்டில்கள். ஒன்றல்ல இரண்டல்ல, வரிசையாக. வானுக்குள் இருந்த ஏழு பேரும் 90க்குப் பிறகு ஊரை விட்டு வந்தவர்கள். "இஞ்சை ஆர் ஷெல் அடிச்சவங்கள்?" என்று வல்வெட்டித்துறைப் பெடியன் ஒருத்தன் கேட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"எயார்போட் கட்ட எண்டு எடுத்த காணி. இருவது வருசமாச்சு, இன்னும் கட்டேல்லை" என்றார் வான் ஓட்டியவர்.

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

நான் வசாவிளான். பலாலி ஓடுபாதைக்குக் கிட்ட. அந்த ஓடுபாதை இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. சின்ன வயதில் பிளேன் இறங்குகிற சத்தம் கேட்டால் வெங்காயத் தோட்டத்துக்குள் நின்று அண்ணாந்து பார்ப்போம். செம்மண். மழை பெய்து விட்டால் காலில் அப்பிய மண்ணை வீட்டுப்படியில் தேய்க்க அம்மா ஏசுவா. 1990 ஆனியில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். இரண்டு கிழமையில் திரும்பி வரலாம் என்று மாட்டை அவிழ்த்து விட்டார் அப்பா. பிறகு எங்கள் வளவும் தோட்டமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன. அப்பா கொண்டுவந்தது ஒரு பிஸ்கற் ரின் மட்டும். அதற்குள் காணி உறுதி.

இனி பிக்கரிங் கதைக்கு வருகிறேன்.

1972 மாசி கழிந்து பங்குனி 2ஆம் திகதி, ரொறொன்ரோவுக்கு இரண்டாவது பெரிய விமான நிலையம் கட்டப் போகிறோம் என்று கனடா மத்திய அரசு அறிவித்தது. 18,600 ஏக்கர். பரம்பரையாக இருந்த விவசாயிகளைக் கேட்டுச் செய்த வேலையல்ல, அறிவித்துவிட்டு எடுத்தது. மொன்றியலிலும் 1969இல் இதே மாதிரி மிராபெல் விமான நிலையத்துக்கு 97,000 ஏக்கர் எடுத்தார்கள். அதையாவது கட்டினார்கள். 1975இல் திறந்து, ஆள் போகாமல் கிடந்து, 2004இல் பயணிகள் சேவையை நிறுத்தி, 2014இல் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அவ்வளவு மண்ணும் அதற்காகத்தான் போனது.

பிக்கரிங்காரர் விடவில்லை. 'மக்களா விமானங்களா' என்று கேட்கிற பெயரில் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். (இயக்கம் என்ற சொல்லை இங்கே எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.) தலைவர் சார்ல்ஸ் கொட்பிறி என்ற ஒரு டொக்டர். 1975 புரட்டாதியில் ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் நின்று வென்றும் விட்டார். அதே மாதம் மாகாண அரசு, றோட்டும் தண்ணிக் குழாயும் நாங்கள் போட்டுத் தர மாட்டோம் என்று கையை விரித்தது. விமான நிலைய வேலை நின்றது. ஆனால் நிலம் திரும்பி வரவில்லை. அதுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம். திட்டத்தை நிறுத்தினார்கள், காணியைக் கொடுக்கவில்லை.

2004இல் நாங்கள் அஜாக்ஸில் வீடு வாங்கினோம். எனக்கு அப்போது பியர்சன் விமான நிலையத்தில் கார்கோ வேலை. போக வர 401 ஹைவேயில் ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம் கரைகிறது. பனிக்காலத்தில் நாலும் ஆகும். ஆகவே பிக்கரிங்கில் விமான நிலையம் வந்தால் முதலில் சந்தோசப்படுகிற ஆள் நான்தான். வீடு விற்கிற என் மச்சான் (கார்ட்டில் படம் போட்டிருக்கிற மச்சான், உங்களுக்குத் தெரிந்திருக்கும்) சொல்லுவான், "அத்தான், எயார்போட் வந்தா உங்கட வீடு எங்கையோ போயிடும். வேலையும் பத்து நிமிசத்தில." அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. டூர்ஹம் பகுதியில் இருந்து வேலைக்காக மேற்கே ஓடுகிற சனம் எவ்வளவு என்பதை விடிய ஐந்து மணிக்கு 401இல் ஏறிப் பார்த்தால் தெரியும்.

அந்த நாட்களில் சனிக்கிழமை சோளம் வாங்கப் போகிற ஒரு கடை இருந்தது. கடை என்றால் றோட்டோரம் ஒரு மேசை. விற்கிறவ எழுபது வயது வெள்ளைக்காரி. மேசையில் சோளத்துக்குப் பக்கத்தில் ஒரு மனுப் பேப்பர் கிடக்கும். ஒரு நாள் "கையெழுத்துப் போடுகிறீர்களா?" என்று கேட்டா. நான் விமான நிலையத்தில் வேலை செய்கிறவன் என்றேன். அவ சிரித்துக்கொண்டு ஒரு சோளம் கூடப் போட்டுத் தந்தா.

பிறகு பிறகுதான் கதைத்தோம். அவ இருக்கிற வீடு தகப்பன் கட்டியது. 1972க்குப் பிறகு அந்தச் சொந்த வீட்டுக்கே அரசுக்கு வாடகை கட்டி இருக்கிறா. தோட்டத்துக்கும் குத்தகை, கனகாலமாய் ஒவ்வொரு வருசக் குத்தகை. வருசாவருசம் புதுப்பிக்க வேண்டிய நிலத்தில் எவன் பழமரம் வைப்பான்? எவன் மண்ணுக்குள் வடிகால் குழாய் தாட்பான்? அதனால்தான் எங்கு பார்த்தாலும் சோளமும் சோயாவும். ஒரு போகத்தில் போட்டு ஒரு போகத்தில் எடுக்கிற பயிர். காலி வீடுகளின் காரணமும் அதுதான். கூரை ஒழுகினால் திருத்துவதை விடப் பலகை அடிப்பது அரசுக்கு மலிவு.

நான் முகாமில் இருந்த சனத்தை நினைத்தேன். இருபது வருசம் தற்காலிகம் என்ற பெயரில் இருந்தால் மனிசர் எப்படி ஆவார்களோ அப்படித்தான் நிலமும் ஆகிறது.

அந்த மண்ணைப் பற்றி அவதான் சொல்லித் தந்தா. கனடா எவ்வளவு பெரிய நாடு, இந்தத் துண்டு நிலத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை என்று நானும் உங்களைப் போலத்தான் கேட்டேன். கனடாவின் நிலத்தில் முதலாந்தர விவசாய மண் நூற்றுக்கு அரை வீதம்தான். அதில் அரைவாசிக்கு மேல் தெற்கு ஒன்ராறியோவில். அதாவது நாங்கள் வீடு வாங்குகிற இடத்தில். மார்க்கமும் அஜாக்ஸும் என் வீட்டு நிலவறையும் இந்த மண்ணுக்கு மேல்தான் இருக்கின்றன. எங்கள் தெருவுக்கு ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். முன்னர் அங்கே என்ன விளைந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. (வெள்ளைக்காரருக்கும் முன்னால் அது மிசிசாகா ஆதிக்குடிகளின் நிலம். 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கை என்ற பெயரில் எழுதி வாங்கினார்கள். அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2018இல். அந்த மனிசியே இதை எனக்குச் சொன்னா. தன் தகப்பனின் உறுதிக்குக் கீழே இன்னொரு உறுதி இருக்கிறது என்று.)

இப்போது 2013க்கு வருகிறேன். இதை எழுதக் கையை வைத்துவிட்டு மூன்று முறை எழும்பிப் போய்விட்டேன்.

அந்த வருசம் சித்திரையில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் வந்தது. உரிமையாளர்களை அடையாளம் காண முடியவில்லை என்று எழுதி மரங்களில் ஒட்டியிருந்தார்கள். உடுவிலில் இருக்கிற பெரியண்ணை (பெரியப்பாவின் மகன்) ரெலிபோன் எடுத்தார். "தம்பி, சொந்தக்காரர் ஆரெண்டு தெரியாதாம். ரின்னுக்குள்ள இருக்கிற உறுதியின்ர கொப்பியும் அற்றோணித் தத்துவமும் அனுப்பு. கோட்டில போடப் போறம்." சரி அண்ணை என்றேன்.

ஆனியில் கனடா மத்திய அரசு, பிக்கரிங் நிலத்தில் ஒரு பகுதியை ரூஜ் பூங்காவுக்குக் கொடுத்து ஒரு பகுதியில் விமான நிலையம் கட்டப் போகிறோம் என்று நாற்பது வருசத்துக்குப் பிறகு திரும்பத் தொடங்கியது. சோளக்கார மனிசி மேசையோடு மனுவை வைத்திருந்தா. நான் ஒன்றும் கதைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். மனிசியையும் போட வைத்தேன். மகள் தன் பள்ளிக்கூடச் சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு கூட்டங்களுக்கும் போனேன்.

பெரியண்ணைக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பவில்லை.

"பிள்ளையளோட ஊருக்குப் போய் வரவேணும். பேரைக் குடுத்து எயார்போட்டில மறிச்சா என்ன செய்யிறது?" என்றாள் மனைவி. அவளைச் சாட்டிவிட்டு நான் தப்ப முடியாது. எனக்கே பயம். இங்கே கையெழுத்துப் போட்டால் ஒருவரும் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று தெரியும், போட்டேன். அங்கே அப்படியில்லை. பெரியண்ணைக்கு அங்கேதான் சீவியம், அவர் போட்டார். அவரைப் போல எத்தனையோ பேர் உறுதியோடு கோட்டுப்படி ஏறினார்கள். "கொப்பி வந்து சேரேல்லையடா" என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாவது தரம் கேட்கவில்லை.

பிக்கரிங் கூட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2005இல் இருந்து அவர்களுக்குப் புதிய அமைப்பு ஒன்று இருக்கிறது, விமானம் இறங்குவதைவிட நிலம் பெரிது என்கிற மாதிரிப் பெயர். நான் 2009 மே மாதம் காடினர் ஹைவேயில் இறங்கி நின்றவன். எனக்குப் போராட்டம் என்றால் தொண்டை கட்டும்வரை கத்துவது. இங்கே போனால் தேநீர், பிஸ்கற், நரைத்த தலைகள், கையில் அரசாங்க அறிக்கைகள். ஒரு கிழவர் பயணிகள் எண்ணிக்கை பற்றிய பழைய அறிக்கையை வைத்துக்கொண்டு, இந்த வருசத்துக்கு இத்தனை கோடி பேர் என்று சொன்னீர்களே, வந்தார்களா என்று பக்கம் பக்கமாய் எண்ணிக்கொண்டிருந்தார். முதல் நாள் எனக்கு நித்திரை வந்தது. அவர்களுக்கு அவசரம் இல்லை. எங்களுக்கு அன்றைக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் சனம் செத்துக்கொண்டிருந்தது, ஆகவே ஒப்பிடுவது நியாயமில்லைத்தான். ஆனாலும் ஐம்பது வருசம் ஒரு கோப்பை மூடாமல் வைத்திருக்கிற அந்தப் பொறுமையைப் பார்க்க எனக்குப் பொறாமை வந்தது. எங்களில் யாரிடம் 1990இல் போன காணிகளின் கணக்கு அப்படி இருக்கிறது?

எதிர்ப்பதோடு நிற்கவில்லை. நிலத்தை நிரந்தர விவசாயத்துக்கு விட்டால் எவ்வளவு வருமானமும் வேலையும் வரும் என்று 2018இல் தாங்களே ஒரு ஆய்வு செய்வித்து வெளியிட்டார்கள். மச்சானின் கேள்விக்கு அது ஒரு பதில். (அவன் வாசிக்கவில்லை.) 2015க்குப் பிறகு நிலத்தில் அரைவாசிக்கு மேல் ரூஜ் தேசிய நகர்ப் பூங்காவோடு சேர்ந்தது. மிஞ்சியது 8,700 ஏக்கர். 2036க்கு முன்னர் இன்னொரு விமான நிலையம் தேவையில்லை என்று அரசு செய்வித்த அறிக்கையே 2020இல் சொன்னது. 2023இல் பிக்கரிங் நகரசபையும் ஆதரவை விலக்கிக்கொண்டது.

2025 தை 27. பிக்கரிங் விமான நிலையம் கட்டப் போவதில்லை என்று போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். அமைச்சர் அனிதா ஆனந்த். தகப்பன் தமிழர் என்பதால் எங்கள் வட்ஸ்அப் குழுவில் "எங்கட ஆள்" என்று பூங்கொத்து அனுப்பினார்கள். எதை அறிவித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று வேலை முடிந்து சோளக்கார மனிசியைப் பார்க்கப் போனேன். தொண்ணூறை நெருங்குகிறா. இப்போது இருப்பது முதியோர் இல்லத்தில். அந்த வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள். "வென்றுவிட்டீர்கள்" என்றேன். "என் அண்ணன்மார் இருவரும் செத்துப்போனார்கள்" என்றா. பிறகு கொஞ்சம் பொறுத்து, "உங்கள் விமான நிலையம் என்ன மாதிரி?" என்று கேட்டா. மறக்கவில்லை.

2019இல் அதைச் சர்வதேச விமான நிலையம் ஆக்கினார்கள், சென்னைக்குப் பிளேன் போகிறது என்றேன். கொஞ்சம் கொஞ்சமாய்க் காணி விடுகிறார்கள், முழுதும் இல்லை, எங்கள் துண்டு இன்னும் வேலிக்கு உள்ளே என்றேன்.

"நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்தானே?"

நான் பேச்சை மாற்றினேன்.

வீட்டுக்கு வந்து நிலவறையில் இருந்த ரின்னை எடுத்தேன். மூடி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. திருகாணி ஆணியால் நெம்பித்தான் திறந்தது. உறுதி மடிப்பில் வெடித்திருந்தாலும் எழுத்துப் பிழையில்லை. வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, பங்குக் கிணறு, வழிவாய்க்கால் எல்லாம் எழுதியிருக்கிறது. இங்கே பின்னேரம் ஆறு மணி. அங்கே விடியக்காலை நாலரை. பெரியண்ணை நாலு மணிக்கே எழும்புகிற ஆள்.

மணி கனநேரம் அடித்தது.

"ஆர் தம்பியோ? என்ன இந்த நேரத்தில, ஆருக்கும் ஏதுமோ?"

"ஒண்டுமில்லை அண்ணை. அந்த உறுதியின்ர கொப்பி... இப்ப அனுப்பினாப் பிரயோசனம் இருக்கோ?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கோழி ஒன்று கூவியது எனக்குக் கேட்டது.

"பக்கம் பக்கமாப் படம் பிடிச்சு வட்ஸ்அப்பில போடு" என்றார். "வடிவாத் தெரியவேணும். பின்பக்கத்தில முத்திரை இருக்கும், அதையும் விட்டிடாத."