காற்றைப் புறக்கணித்தவன்

அந்தச் சித்தாளின் தோள்பட்டை எலும்பு முறிந்ததற்குக் காற்று காரணமல்ல. நான்தான் காரணம். அன்று அந்தக் கட்டடத்தின் பொறியாளர் நான். மேலிருந்து பலகைகளைத் தள்ளச் சொன்னவனும் நான்தான்.

மேல்தளத்தின் சென்ட்ரிங்கைப் பிரித்துக்கொண்டிருந்தோம். எல்லாம் வாடகைப் பிளைவுட். எட்டடிக்கு நாலடி, 12 மில்லிமீட்டர் கனம். மாலைக்குள் திருப்பி அனுப்பினால் ஒரு நாள் வாடகை மிச்சமாகும். கயிறு கட்டி இறக்கினால் இருட்டிவிடும். அவசரத்துக்கு இருந்த காரணம் இவ்வளவுதான்.

மேஸ்திரி தடுத்தார். “காத்து இருக்கு சார். பலகை நேரா விழாது. கயித்துலயே இறக்கிடலாம்.”

ஆட்கள் நடுவில் வைத்துச் சிரித்தேன். ஒரு பலகை இருபது கிலோவுக்கு மேல் எடை, அதைக் காற்று தூக்குமா என்று கேட்டேன். அதோடு விடவில்லை. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் ஒரு சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒன்றாக விட்டதைச் சொன்னேன். இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டதையும் சொன்னேன். நிலாவில் காற்று இல்லை, அதனால்தான் அப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் வாயை மூட அந்தப் பாதி உண்மை எனக்குப் போதுமானதாக இருந்தது. அவர் மேற்கொண்டு பேசவில்லை.

என் கணக்கு இது. உயரம் 12 மீட்டர். விழ ஒன்றரை நொடிக்குச் சற்று அதிகம். தரை தொடும்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். மனக்கணக்காகவே சொல்வேன். அதுதான் என் கர்வம். ஆனால் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் பாடப்புத்தகத்தில் ஒரு நிபந்தனை உண்டு: காற்றின் தடையைப் புறக்கணிக்க வேண்டும். தேர்வுத் தாளில் புறக்கணித்துப் பழகியவன், கட்டடத்தின் மேல் நின்றும் புறக்கணித்தேன்.

அன்று காலை அதே விளிம்பிலிருந்து உடைந்த செங்கற்களைப் போட்டிருந்தோம். நேராகத்தான் விழுந்தன. செங்கல்லின் எடைக்கு அதன் பரப்பு சிறியது. அந்த உயரத்தில் காற்றால் அதை அதிகம் திருப்ப முடியாது. பிளைவுட் பலகையின் பரப்போ ஏறக்குறைய 3 சதுர மீட்டர். அது தட்டையாக விழுந்தால், நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்திலேயே காற்றின் எதிர்ப்பு அதன் முழு எடைக்குச் சமமாகிவிடும். சாய்ந்துவிட்டால் அந்த விசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளும். பலகை சறுக்கிக்கொண்டே இறங்கும். காகிதத் துண்டு புரண்டு புரண்டு, பக்கமாக நகர்ந்து விழுவது ஏன் என்று மேக்ஸ்வெல் 1854-லேயே எழுதிவிட்டார். எனவே எனக்குத் தெரிய வழியில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று நினைத்தேன்.

சுவரிலிருந்து ஐந்தடி தள்ளிக் கயிறு கட்டச் சொன்னேன். அதற்குள் யாரும் வரக் கூடாது என்றேன். முதல் பலகைகள் செங்குத்தாக, கத்திபோல் இறங்கின. மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வையில் இருந்தது ஏளனம். அடுத்த பலகை பாதியில் சாய்ந்தது. கயிற்றைத் தாண்டிப் போனது. மணல் குவியலருகே சட்டியை நிரப்பிக்கொண்டிருந்த பெண்ணின் தோளில் அதன் விளிம்பு இறங்கியது.

அவள் விதியை மீறவில்லை. நான் கட்டிய கயிற்றுக்கு வெளியேதான் நின்றாள். நான் பாதுகாப்பானது என்று சொன்ன இடத்தில்தான் அடிபட்டாள்.

இதற்குப் பிறகு செய்தது இன்னும் கீழ்த்தரமானது. முதலாளி கேட்டபோது, திடீரென்று காற்று அடித்தது என்றேன். பலகையைத் தள்ள யார் சொன்னது என்று கேட்டார். நான் பேசவில்லை. மேஸ்திரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் மௌனத்தை முதலாளி பதிலாக எடுத்துக்கொண்டார். அந்த வாரமே மேஸ்திரிக்குக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. வேலை போனது அவருக்கு.

ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார். இழந்த கூலியை யாரும் கொடுக்கவில்லை. எலும்பு கூடிய பிறகும் அவளால் அந்தக் கையை முழுதாகத் தூக்க முடியவில்லை. தலைச்சுமை வேலைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்றுதான் எழுத முடிகிறது. நேரில் போய்ப் பார்க்கவில்லை.

வேலை மும்முரத்தில் நேர்ந்த கவனக்குறைவு என்று இதை நீங்கள் மன்னித்துவிடக் கூடாது. எச்சரிக்கை என் காதில் விழுந்தது. சொன்னவர் படிக்காதவர் என்பதால் தள்ளினேன். பிறகு அவரையே பலி கொடுத்தேன். முதலாளியிடம் உண்மையைச் சொல்லி மேஸ்திரியின் பெயரைத் துடைக்க இன்றும் வழி இருக்கிறது. அதை நான் இன்னும் செய்யவில்லை. தீர்ப்பு எழுதும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.