அக்கரை எவ்வளவு தூரம்?

தலைமன்னார் இறங்குதுறையில் ஒரு மூதாட்டி கடலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். தங்கையை அக்கரையில், மண்டபத்தை அடுத்த வேதாளையில் கட்டிக் கொடுத்திருந்தார்களாம்.

இங்கிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர்தான். 1914இல் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1980களில் மூண்ட போரில் அதுவும் நின்றது.

விமானம் இருக்கிறதே என்பீர்கள். கட்டுநாயக்காவிலிருந்து மதுரைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனால் சகோதரிகளே, கணக்கு அதோடு முடிவதில்லை. விமானம் ஏற முதலில் தெற்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போகவேண்டும். மதுரையில் இறங்கி, மறுபடி கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர். சாமான் சோதனை, காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் போய்விடும்.

“தங்கச்சி மவுத்தான செய்தி உடனே வந்திட்டுது மகள். நான் டிக்கெட் எடுக்க முந்தியே அடக்கியும் போட்டாங்க” என்றார் அவர்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் விட்டார்கள். இந்தத் துறையிலும் ஒன்று ஓடினால், ஜனாஸாவுக்காவது நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அதற்காகத் துஆச் செய்வோம்.