குழி வெட்டுவதற்கு முன்

ஐப்பசி 8

மழை விழுந்து புல் தளிர்க்கும் இந்தப் பருவத்தில்தான் சிறு விவசாயிகளின் பட்டிகளில் ஆடுகள் திடீரெனச் சாகின்றன. மாலையில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி விடியலில் கழுத்தைப் பின்னால் வளைத்து விறைத்துக் கிடக்கும். பெரும்பாலும் அதுதான் பட்டியிலேயே கொழுத்த குட்டியாகவும் இருக்கும். ‘கண்ணு பட்டுடுச்சு’ என்ற பேச்சு அங்கே பிறக்கிறது. அடுத்த பேச்சு அந்த வீட்டுப் பெண்ணை நோக்கி வரும்: எங்கே ஓட்டிப் போனாய், எதைத் தின்னவிட்டாய்? ஆட்டை அவிழ்ப்பதும் கட்டுவதும் அவள் வேலை என்பதால், காரணம் தெரியாத சாவின் பழி அவள் தலையில் இறங்கிவிடுகிறது. அந்த வீட்டுக்கு முதல் ஆறுதல், குழி வெட்டுவதற்கு முன் சாவின் காரணத்தைக் கண்டுபிடிப்பதே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொழுத்த குட்டி சாவதற்கு விளக்கம் இருக்கிறது. துள்ளுமாரி நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா நலமாக உள்ள ஆட்டின் குடலிலேயே சிறிதளவு வாழும். இளம்புல்லோ தானியமோ திடீரென மிகுதியாக உள்ளே போனால் அது பெருகி நஞ்சைச் சுரக்கும். நஞ்சு ரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்கும். நன்றாகத் தின்னும் ஆடுதான் முதலில் அகப்படுகிறது. கண்ணேறு என்று ஊர் சொன்னதில் ஒரு பாதி சரியான கவனிப்பு, அழகான குட்டிதான் போகிறது என்பது. கண்தான் கொன்றது என்ற மறுபாதிக்கு மழைக்கு முன் போடும் தடுப்பூசி பதில் சொல்கிறது.

ஐப்பசி 9

காரணம் அறிய மருத்துவர் செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தால் போன உயிர் வருமா என்று கேட்பார்கள். வராது. ஆனால் மீதி ஆடுகள் பட்டியில் நிற்கின்றன. துள்ளுமாரி என்றால் தீனியைக் குறைத்து, மருத்துவர் சொல்படி ஊசி போடவேண்டும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்து சயனைடு நஞ்சில் செத்தது என்றால் அந்தக் கொல்லைப் பக்கமே மந்தையை விடக்கூடாது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே திடீர்ச் சாவுதான். மாடாக இருந்து காப்பீடும் இருந்தால், காதுவில்லையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் இழப்பீடு கேட்பது கடினம். மருத்துவமனை தொலைவு என்பது நியாயமான குறைதான். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி உண்டு, அதுவும் எல்லா நேரத்திலும் உடனே வந்துவிடாது. வரும்வரை உடலை நிழலில் போட்டு, நாய் அண்டாமல் காக்கவேண்டும்.

கறிக்குக் கொடுத்தால் பாதிப் பணமாவது தேறுமே என்ற வாதம்தான் வறுமையின் வாதம். அதை எளிதாகத் தள்ள எனக்கு மனம் இல்லை. ஆனாலும் தள்ளவேண்டும். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த ரத்தம் வடிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த உடலை மருத்துவரே அறுக்கமாட்டார். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார். அறுப்பவருக்கும் தின்பவருக்கும் அந்த நோய் தொற்றும். காற்றுப் பட்ட கிருமி வித்தாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். பிரான்ஸில் ஆடுகள் மீண்டும் மீண்டும் மடிந்த வயல்களைச் சபிக்கப்பட்டவை என்று குடியானவர்கள் ஒதுக்கினார்கள். முன்பு அங்கே புதைத்த ஆடுகளின் நோய்வித்துகளே காரணம் என்று 1880 வாக்கில் லூயி பாஸ்டர் காட்டினார். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடச் சொல்வது இதற்காகத்தான்.

ஐப்பசி 15

இன்னொரு மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. காரணம் தெரிந்து, அது வளர்த்தவரின் கையாகவே இருந்தால்? மாட்டுப் பொங்கலன்று ஆசையாகத் தொட்டி நிறையப் பொங்கலும் சோறும் வைக்க, மாவுச்சத்து வயிற்றில் புளித்து, அமிலம் மிஞ்சி மாடு சாவது உண்டு. அன்பாகக் கொடுத்ததே கொன்றது என்று கேட்பவர் உடைந்துபோவார். சொல்லாமல் விடுவதே இரக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் தெரியாதவரின் குற்ற உணர்வு தண்ணீர் காட்டியது, கொட்டகை, கயிறு என்று எல்லாவற்றின் மேலும் படர்கிறது; சிலர் அதோடு மாடு வளர்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். காரணம் தெரிந்தவர் சோற்றுக்கு மட்டும் வருந்துவார். அந்த வருத்தத்தோடு அவரால் இன்னொரு கன்றை வாங்கிக் கட்டமுடியும், அடுத்த தையில் ஒரு கைப்பிடி பொங்கலோடு நிறுத்தவும் முடியும்.