சூரியகாந்தியின் கறுப்பு வட்டம்



கீழே உள்ள படத்தைப் பார்த்து, "டீச்சர், பூ கருகிப்போச்சா?" என்று கேட்காதீர்கள். நன்றாக மலர்ந்த சூரியகாந்திதான். போன வாரம் தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் எடுத்தேன், நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியில்.

மகன் ஒதுக்கிவைத்த பழைய கேமராவைக் கடையில் கொடுத்து, சென்சாருக்கு முன்னால் புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கிற கண்ணாடியை எடுக்கச் சொன்னேன். இந்தக் காலத்து லென்ஸ்கள் பலவும் புறஊதாவை உள்ளே விடாது. மூடப்போகிற ஒரு ஸ்டூடியோவில் கிடைத்த பழைய என்லார்ஜர் லென்ஸ் விட்டது. அதன் முன்னால் ஒரு கறுப்பு ஃபில்டர். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிதான். மிச்சமெல்லாம் யூடியூப் வாத்தியார் புண்ணியம்.

முதலில் எடுத்த படங்களில் இலையெல்லாம் வெள்ளைவெளேர் என்றிருந்தது. பெருமையாகக் குடும்ப குரூப்பில் வேறு போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது ஃபில்டர் வழியே கசிந்த அகச்சிவப்பு. புறஊதாவில் இலை கறுத்துத்தான் தெரியும். கசிவை அடைக்க இன்னொரு ஃபில்டர் வாங்கினேன். (விலையை வீட்டில் சொல்லவில்லை. இனி தெரிந்துவிடும்.)

அடுத்து, சாரல் காலத்துக் காற்று. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நான்கு விநாடி பூ அசையாமல் நிற்க வேண்டும், எங்கே நிற்கிறது? வெயிலும் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது. சுற்றிலும் எல்லோரும் செல்ஃபி எடுக்க, நான் பூக்காம்பைக் குடைக்கம்பியில் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். வயல்காரர் பக்கத்திலேயே நின்றார். "பறிச்சிராதீங்கம்மா."

கடைசியில் ஒரு படம் விழுந்தது. இதழ்களின் நுனி வெளிச்சமாக, அடிப்பகுதி கறுப்பாக. நடுவட்டமும் கறுப்பு. இரண்டும் சேர்ந்து, குறிபார்த்து எறிய வரைந்தது போல ஒரு பெரிய வட்டம். நமக்கு முழுக்க மஞ்சளாகத் தெரியும் இதழ், புறஊதாவைப் பார்க்கிற தேனீக்கு இரண்டு நிறம்.

முப்பது வருடத்துக்கு முன் நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "இவ்ளோ பெரிய பூவுல தேன் நடுவுலதான் இருக்குன்னு தேனீக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

"அதுக்குத் தெரியும். நீ உட்காரு" என்றேன். பாடத்தை முடிக்கிற அவசரம். அந்த வருடம் முழுக்க அவள் மறுபடி கை தூக்கவில்லை.

தேனீக்கு நிறம் தெரியும் என்று நிரூபித்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார். எனக்குத்தான் தெரியாது. தெரியாது என்றே சொல்லியிருக்கலாம்.

பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படித்தாயானால் இன்பாக்ஸில் வாம்மா. இந்தப் படத்தை உனக்கென்று பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.